மதகடித் தண்ணீர்

"இன்னா பாப்பா, ஏரித் தண்ணிய பாட்டில்ல புடிக்கிற? கேஸு எதுனா போடப் போறியா?"

மதகு பார்க்கிற தாத்தா என்னிடம் முதன்முதலில் கேட்ட கேள்வி இது. நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழிக் காலை. மழை நன்றாகப் பெய்து, ஏரி கலங்கல் வழியாக வழிந்து ஓய்ந்திருந்த நேரம். எங்கள் பக்கத்தில் பாட்டிலோடு ஏரிக்குள் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது புகாரை விசாரிக்க வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை.

"இல்ல தாத்தா. இதுல இன்னா உசுரு கீதுன்னு பாக்கத்தான்."

"விரால் கீது, கெண்டை கீது, ஆமை கீது, தண்ணிப்பாம்பு கீது. அதுக்கு எதுக்கு பாட்டிலு?"

கண்ணுக்குத் தெரியாத உயிர் என்றேன். அவர் தண்ணீரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "அதுக்குப் பேரு இருக்குதா?" என்றார்.

இன்று வரை என்னை விடாத கேள்வி அது. கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் நுண்ணுயிரியல் படித்தவள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கியூசி வேலை. பொன்னேரியில் ரயில் ஏறினால் நடுவில் கவரைப்பேட்டை, அடுத்தது கும்மிடிப்பூண்டி. வேலையில் பாக்டீரியா எனக்கு எதிரி. தண்ணீர் சாம்பிளைப் பிளேட்டில் போட்டு, இன்குபேட்டரில் வைத்து, எத்தனை காலனி வந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். அளவைத் தாண்டினால் உடனே பிளான்டுக்குப் போன். எண்ணி முடித்ததும் எல்லாம் ஆட்டோகிளேவுக்குள் போய்விடும். அது எந்த இனம், எங்கே இருந்து வந்தது, அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க நேரமும் இருக்காது. வருஷக்கணக்கில் எண்ணி எண்ணிக் கொன்றபோதுதான், நான் பிறந்த ஊர் ஏரியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது, கொல்வதற்காக இல்லாமல், பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கல்லூரியில் பாடம் நடத்தும் தோழி ஒருத்தி தன் லேபில் ஒரு மூலையை எனக்குக் கொடுத்தாள். அகாரும் பிளேட்டும் என் செலவு. ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் கழிந்தன.

முதலில் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு மில்லி ஏரித் தண்ணீரில், அதாவது இருபது சொட்டில், சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். மைக்ராஸ்கோப்பில் சாயம் ஏற்றிப் பார்த்தால் அத்தனையும் தெரியும். அதே தண்ணீரைப் பிளேட்டில் போட்டால் வளர்ந்து வருவது அதில் நூற்றில் ஒன்றுகூட இருக்காது. இந்த வித்தியாசத்தை ஸ்டேலி, கொனோப்கா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-ல் விரிவாக எழுதி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். பிளேட் எண்ணிக்கையின் மாபெரும் முரண் என்று நாம் சொல்லலாம். வளராமல் போனவை செத்தவை இல்லை. நாம் வைக்கும் சாப்பாடு அவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ஏரியில் பட்டினியும் பாதி வயிறுமாக வாழப் பழகிய உயிருக்குத் திடீரென்று கல்யாண விருந்து வைத்தால் தாங்காது. அதே 1985-ல்தான் ஆர்2ஏ என்கிற அகாரும் வந்தது. ரீசனர், கெல்ட்ரைக் என்கிற இருவர் குடிதண்ணீரில் உள்ள பாக்டீரியாவுக்காகவே செய்தது. சத்து கம்மி, கஞ்சி மாதிரி. எங்கள் கம்பெனியில் தண்ணீர் சோதிப்பதும் அதில்தான். அதனால் அதன் குணம் எனக்கு அத்துப்படி.

மதகடித் தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, 1 மில்லியை 9 மில்லியில் கலந்து, அதிலிருந்து 1 மில்லியை எடுத்து அடுத்த 9 மில்லியில் கலந்து, இப்படி ஐந்து தடவை நீர்க்கவைத்துப் பிளேட் போட்டேன். 28 டிகிரி. இரண்டாம் நாளே வெள்ளையும் பழுப்புமாக ஒரு கூட்டம் வந்துவிட்டது. அவற்றில் பலவும் எந்தத் தண்ணீரிலும் வருகிறவை. ஐந்தாம் நாள் ஒரு பிளேட்டின் ஓரத்தில் இதுவரை இல்லாத ஒரு புள்ளி. கடுகில் பாதி. மஞ்சள். சும்மா மஞ்சள் இல்லை, நன்றாகப் பழுத்த பங்கனப்பள்ளியின் தோல் நிறம். விளிம்பு வட்டமாக நிற்கவில்லை. அகார் மேல் மெல்லிசாகப் பரவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தண்ணீரில் எண்ணெய் படர்ந்த மாதிரி ஓடியிருந்தது. இப்படி வழுக்கி நகர்கிற பாக்டீரியா உண்டு. வால் கிடையாது, உடம்பாலேயே பரப்பின் மேல் சறுக்கிக்கொண்டு போகும்.

லூப்பில் தொட்டு வேறு பிளேட்டில் ஸ்ட்ரீக் போட்டேன். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. நான்காவது பிளேட்டில் சுத்தமாக அது ஒன்று மட்டும்.

அன்றைக்குச் செய்த ஒரு சோதனையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆரத்திக்கு மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு துளி சுண்ணாம்பு போட்டால் சிவந்து போகுமில்லையா, கிட்டத்தட்ட அதே வித்தை. மஞ்சள் காலனி மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 20 சதவீதக் கரைசலை ஒரு சொட்டு விட வேண்டும். பிளெக்ஸிருபின் என்கிற நிறமி அதில் இருந்தால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். அமிலம் விட்டால் திரும்ப மஞ்சளாகும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஆரத்தித் தண்ணீர் மறுபடி மஞ்சளாவது போல. கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் வழித்து வைத்துச் சொட்டு விட்டேன். இரண்டு விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சிவப்பு ஏறியது. என் தோழி "ஏய்" என்று கத்திவிட்டாள்.

ஃபிளேவோபாக்டீரியம் என்கிற பேரினமாக இருக்கலாம் என்று அப்போதே நினைத்தோம். ஆறு, ஏரி, குளங்களில் நிறைய வாழ்கிற கூட்டம் அது. பாசி செத்து மிதக்கும்போது அதன் மாவுச்சத்தையும் புரதச்சத்தையும் வெட்டித் துண்டாக்கி மறுபடி தண்ணீருக்கே உணவாகத் திருப்பித் தருவது இவற்றின் வேலை. ஏரி நாறாமல் இருப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. இதே பேரினத்தில் ஃபிளேவோபாக்டீரியம் கொலம்னாரே என்று ஒன்று மீனின் செவுளையும் தோலையும் அரிக்கும். பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரிந்த பெயராக இருக்கும். ஃபிளேவஸ் என்றால் லத்தீனில் மஞ்சள், பொன்னிறம். பொன்னேரி ஏரியில் பொன்னிறத்தில் ஒன்று. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்தது பரம்பரை பார்ப்பது. எல்லா உயிருக்கும் உள்ளே புரதம் செய்கிற ரைபோசோம் உண்டு. அதன் ஒரு பகுதிக்கான மரபணு பாக்டீரியாவில் 16எஸ். கார்ல் வோஸ் என்கிற அமெரிக்கர் இந்த மூலக்கூறை ஒப்பிட்டுத்தான் 1977-ல் உயிர்களின் வம்ச மரத்தையே திருப்பி வரைந்தார். சுமார் 1,500 எழுத்து கொண்ட வரிசை. உறவு நெருங்க நெருங்க எழுத்து வித்தியாசம் குறையும். ஏற்கெனவே பெயர் உள்ள இனத்தோடு 98.7 சதவீதத்துக்குக் கீழே ஒத்துப்போனால் அது புது இனமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்பது இன்றைய கணக்கு. அதற்கு மேலே இருந்தால் முழு மரபணுத் தொகுதியையும் படித்து ஒப்பிட வேண்டும். அங்கே எல்லை 95, 96 சதவீதம்.

டிஎன்ஏ எடுத்து, பிசிஆர் போட்டு, சீக்வென்சிங் செய்து தருகிற ஒரு இடத்துக்குப் பணம் கட்டி அனுப்பினோம். பத்து நாளில் மெயில் வந்தது. படிக்க முடிந்த எழுத்து 1,400. தரவுத்தளத்தில் போட்டுப் பார்த்தோம். மிக நெருங்கிய சொந்தத்தோடு ஒற்றுமை 97.4 சதவீதம். 1,400 எழுத்தில் 36 எழுத்து வேறு.

இதுவே புது இனம் ஆகிவிடாது. பலரும் நினைக்கிற மாதிரி, கண்டுபிடித்தேன், பெயர் வைத்தேன் என்று முடிகிற வேலை இல்லை இது. செல்லின் நீள அகலம் மைக்ரோமீட்டரில் வேண்டும். எந்த வெப்பத்தில் தொடங்கி எதுவரை வளர்கிறது, எவ்வளவு உப்பு தாங்கும், எவ்வளவு புளிப்பு தாங்கும், எந்தெந்தச் சர்க்கரையைச் சாப்பிடும், செல் சவ்வில் என்ன கொழுப்பு, மூச்சு விட எந்தக் குயினோன், எல்லாம் வேண்டும். அதோடு நெருங்கிய சொந்தக்கார இனங்களையும் காசு கொடுத்து வரவழைத்து, பக்கத்தில் வைத்து, அதே சோதனையை அதே நாளில் அதே கையால் செய்து காட்ட வேண்டும். முழு மரபணுத் தொகுதி வேண்டும். கடைசியில் ஒரு விதி இருக்கிறது. எனக்கு அது இந்தத் துறையிலேயே மிக அழகான விதி. அந்த உயிரின் உயிருள்ள கல்ச்சரை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். உலகில் யார் கேட்டாலும் அதை வளர்த்துப் பார்க்க முடிய வேண்டும். செடிக்குக் காய்ந்த இலையை ஒட்டி வைத்தால் போதும், பூச்சிக்குக் குண்டூசியில் குத்திய உடல் போதும். பாக்டீரியாவுக்கு உயிரே சாட்சி.

1980 ஜனவரி 1 என்பது பாக்டீரியாப் பெயர்களுக்குப் புதுக் கணக்கு தொடங்கிய நாள். அதற்கு முன் இருந்த பெயர்களை எல்லாம் சலித்து, சாட்சி உள்ளவற்றை மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும், முறையாகப் பெயர் பெற்ற இனங்கள் இருபதாயிரத்துச் சொச்சம்தான். ஒரு ஏரியின் ஒரு சொட்டில் அரை லட்சம் உயிர் இருக்கிற உலகத்தில்.

இந்தத் தேடலே ஒரு ஏரியில்தான் ஆரம்பித்தது. 1674-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரியாக இருந்த லேவன்ஹூக், பக்கத்தில் இருந்த பெர்கல்ஸே ஏரியில் தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருப்பதைப் பார்த்து, ஒரு குப்பியில் எடுத்துப்போய்த் தன் கையால் தேய்த்த லென்ஸில் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டி உயிர்கள் நீந்தின. இரண்டு வருஷம் கழித்து, மிளகு ஏன் உறைக்கிறது என்று தெரிந்துகொள்ள மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தபோது அதைவிடப் பொடியான உயிர்களைக் கண்டார். பாக்டீரியாவை மனிதக் கண் பார்த்த முதல் சந்தர்ப்பமாக அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு மிளகுத் தண்ணீரில்! அவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் எங்கள் பழவேற்காட்டுக் கோட்டை. நான் அங்கே டச்சுக் கல்லறைகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இந்த நினைப்பு வரும். கப்பல் வந்துபோன கரையில் இருந்த நம்மில் யாரும் அந்த லென்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சரி, என் மஞ்சளுக்கு வருகிறேன்.

அது போய்விட்டது.

பொங்கல் விடுமுறை. கிளிசரால் ஸ்டாக் ஆறு குழாய் போட்டு, மைனஸ் 20 ஃப்ரீசரில் வைத்திருந்தோம். ஆறும் ஒரே பெட்டியில், ஒரே ஃப்ரீசரில். அந்த நாலு நாளில் எப்போதோ கரண்ட் போயிருக்கிறது. வந்த பிறகு ஃப்ரீசர் ஓடவில்லை. பார்க்க ஆள் இல்லை. விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது உள்ளே இருந்து வெதுவெதுவென்று ஈரக் காற்று வந்தது. குழாய்கள் எல்லாம் உருகிக் கிடந்தன. ஆறையும் பிளேட் போட்டோம். வேறு வேறு அகாரில் போட்டோம். மூன்று வாரம் இன்குபேட்டரைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வெளியே வைத்திருந்த ஸ்லாண்ட்டுகளில் பூஞ்சை ஏறிவிட்டது. என் தோழி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் கேட்க வேண்டியதே இல்லை. இரண்டு குழாயை வேறொரு இடத்தில் வைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு.

மிச்சம் இருப்பது அந்த மெயிலில் உள்ள 1,400 எழுத்து மட்டும். உயிர் இல்லை என்றால் பெயர் இல்லை. விதி அப்படி.

அந்த நாட்களில் நான் நிறையப் படித்தேன். பெரிய ஆய்வகங்களே இந்தச் சிக்கலில் எப்படித் தவிக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. உலகத்தின் நன்னீர் ஏரிகளில் மிக அதிகமாக இருக்கிற பாக்டீரியாக் கூட்டங்களில் ஒன்றுக்கு ஏசி-1 என்று ஒரு குறியீடுதான் ரொம்ப காலம் இருந்தது. டிஎன்ஏ எங்கே தேடினாலும் கிடைக்கும், வளர்க்க மட்டும் யாராலும் முடியாது. கொரியாவில் சோயாங் ஏரித் தண்ணீரை வைத்து முயன்ற குழு ஒன்று 2019-ல் காரணத்தைக் கண்டுபிடித்தது. நாம் வளர்க்கும் கரைசலில் துளியூண்டு ஹைட்ரஜன் பெராக்ஸைடு சேர்ந்துவிடுகிறது. அதைத் தாங்க இவற்றால் முடியவில்லை. அந்தப் பெராக்ஸைடை உடைக்கிற கேட்டலேஸ் என்சைமைச் சேர்த்தார்கள். வளர்ந்தது. ஏரியில் அந்த வேலையைப் பக்கத்து வீட்டு பாக்டீரியாக்கள் செய்துகொடுத்திருக்கின்றன. தனியாக எடுத்து வைத்ததும் துணை போய்விட்டது. இப்படிச் சுலபத்தில் வளர்த்துச் சேமிக்க முடியாதவற்றுக்குக் "கேண்டிடேட்டஸ்" என்கிற அடைமொழியோடு ஒரு தற்காலிகப் பெயர் கொடுப்பது வழக்கம். 2022-ல் சீக்கோட் என்று ஒரு புது விதித் தொகுப்பும் வந்தது. அதன்படி உயிருள்ள கல்ச்சர் இல்லாவிட்டாலும், தரமான மரபணுத் தொகுதியையே சாட்சியாக வைத்துப் பெயர் தரலாம். என்னிடம் அதுவும் இல்லை. ஒரே ஒரு மரபணு.

இன்னொரு கதை எனக்குத் தைரியம் தந்தது. மோனாலி ரஹால்கர் என்கிற இந்திய ஆய்வாளர் ஜெர்மனியில் இருந்தபோது, கான்ஸ்டன்ஸ் ஏரிக் கரையோரச் சேற்றில் மீத்தேனைத் தின்று வாழ்கிற ஒரு பாக்டீரியாவைத் தேடினார். ஒரு பக்கம் மீத்தேன், எதிர்ப்பக்கம் ஆக்சிஜன், நடுவில் இரண்டும் மெலிந்து சந்திக்கிற ஒரு வரி. அந்த வரியில்தான் அது வளர ஒப்புக்கொண்டது. 2007-ல் புதுப் பேரினமாகவே வெளியிட்டார்கள். பெயர் மெத்திலோசோமா டிஃபிசிலே. டிஃபிசிலே என்றால் கஷ்டமானது. பட்ட பாடு பெயரிலேயே இருக்கிறது. பிறகு அவர் புனேயில் அகர்கர் ஆய்வு நிலையத்துக்கு வந்து, நம் நெல் வயல் சேற்றில் தேடி இன்னொரு புதுப் பேரினத்தைக் கண்டார். வெள்ளரிக்காய் வடிவில் இருந்ததால் அதற்கு மெத்திலோகுகுமிஸ் என்று பெயர். சேற்றுக்குள் கையை விட்டுத் தேடினால் நம் நாட்டிலும் கிடைக்கும் என்று எனக்குக் காட்டிய பெயர் அது.

பெயர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பிச்சாவரம் சதுப்பில் உப்புத் தண்ணீரில் வளர்கிற காட்டு நெல்லிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 2004-ல் தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் சுவாமிநாதனியா என்று பேரினப் பெயரே வைத்தார்கள். விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த ஒன்றுக்கு, நாசாவில் வேலை பார்த்த கஸ்தூரி வெங்கடேஸ்வரனின் குழு 2017-ல் சோலிபேசில்லஸ் கலாமியை என்று அப்துல் கலாம் பெயரைச் சூட்டியது. அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கடல் நுண்ணுயிரியல் படித்தவர். மகாராஷ்டிரத்தில் விண்கல் விழுந்து உண்டான லோனார் ஏரியில் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வாளர்கள் கண்டது செசெம்பியா லோனாரென்சிஸ். சிசிஎம்பி என்ற எழுத்துகளைச் சேர்த்து உச்சரித்தே பேரினப் பெயர் ஆக்கிவிட்டார்கள், கூடவே ஏரியின் பெயர்.

ஆனால் என் மனதில் முள்ளாகத் தைத்தவை வேறு இரண்டு பெயர்கள். ஸ்பிங்கோபியம் உம்மாரியென்ஸ், ஸ்பிங்கோபியம் சின்ஹாட்டென்ஸ். உம்மாரி, சின்ஹாட் இரண்டும் லக்னோ பக்கத்து இடங்கள். லிண்டேன் என்கிற பூச்சிமருந்து தயாரித்தபோது மிஞ்சிய நச்சுக் கழிவைக் கொட்டிய பகுதி. அந்த மண்ணில் விஷத்தைத் தின்று வாழப் பழகிய பாக்டீரியாக்களை டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ரூப் லால் குழு கண்டெடுத்து, 2009-ல் அந்த இடங்களின் பெயரையே வைத்தது. அருமையான அறிவியல். அந்த பாக்டீரியாவை வைத்து மண்ணைச் சுத்தம் செய்யலாம் என்கிற நம்பிக்கையும் அதில் இருக்கிறது. ஆனாலும் உம்மாரி என்கிற ஊர் உலகத்து அறிவியலில் எதற்காக நினைக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வாழ்கிறவள் நான். எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவதும் அந்தப் பேட்டைதான். அதை மறந்து பேச மாட்டேன். எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு பாக்டீரியா வருமானால், அது கழிவைத் தின்னப் பழகியதாக இருக்கக் கூடாது. நல்ல தண்ணீரில், மீனோடும் அல்லியோடும் வாழ்ந்ததாக இருக்க வேண்டும். ஃபிளேவோபாக்டீரியம் லத்தீன் இலக்கணத்தில் அஃறிணை மாதிரி, ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. அதனால் ஊர்ப் பெயர் "என்ஸ்" என்று முடியும். ஃபிளேவோபாக்டீரியம் பொன்னேரியென்ஸ். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அது வெளியே வந்தால் எங்கள் ஏரி நல்ல தண்ணீராக இருந்தது என்பதற்கு அழிக்க முடியாத ஒரு பதிவாக இருக்கும்.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2002-ன் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 39-வது பிரிவில், யார் ஒரு புது உயிரினத்தைக் கண்டாலும் அதை அரசு குறித்த சேமிப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. "யார்" என்றால் யாராக இருந்தாலும்தான், பட்டம் கேட்கவில்லை. நம் நாட்டில் சண்டிகரில் எம்டிசிசி, புனேயில் எம்சிசி போன்ற சேமிப்பகங்கள் இருக்கின்றன. இரண்டாவது கல்ச்சர் வெளிநாட்டுக்குப் போக வேண்டும் என்பதால், அனுமதி தருகிற தேசிய பல்லுயிர் ஆணையத்தின் கதவையும் தட்ட வேண்டும். அது இருப்பது சென்னையிலேயே, தரமணியில். நம் உயிர்வளம் கேட்பாரற்று வெளியே போகக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது, எனக்கு அதில் முழு உடன்பாடு. உலகம் முழுக்கத் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்கிற பெயரிடல் விதியும் சரிதான். இரண்டு சரிகளும் இடித்துக்கொள்ளும் இடத்தில் நம் ஆய்வாளர்களுக்குக் கடிதப் போக்குவரத்திலேயே மாதங்கள் போகின்றன. ஃப்ரீசரை நம்பி அத்தனை மாதம் ஒரு உயிரைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் கட்டமே வரவில்லை.

மஞ்சள் போன பிறகு ஒவ்வொரு மழை முடிந்ததும் அதே மதகடிக்குப் போனேன். அடுத்த வருஷம் வரத்துக் கால்வாயை மறித்து எவரோ ப்ளாட் போட்டு மண் கொட்டியிருந்தார்கள். ஏரி பாதிதான் நிறைந்தது. ஆகாயத்தாமரை மதகு வரைக்கும் வந்து அடைத்திருந்தது. பிளேட்டில் மஞ்சளே வரவில்லை. அதற்கடுத்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி, பல நாள் தெளியவே இல்லை. மஞ்சள் இரண்டு வந்தது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டேன், நிறம் மாறவில்லை. வேறு ஜாதி. அதையும் தூக்கிப் போடவில்லை, குழாயில் வைத்திருக்கிறேன்.

இப்போது எதையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஒரு செட் தோழியின் லேபில், ஒரு செட் சென்னையில் இன்னொரு லேபில், ஒரு செட் உறையவைத்து உலர்த்திய பொடியாக. உலர்த்திச் சீல் வைத்த குழாய்க்குக் கரண்ட் வேண்டாம், ஃப்ரீசர் வேண்டாம். இருட்டும் குளிர்ச்சியும் இருந்தால் வருஷக்கணக்கில் தூங்கும்.

இந்த மார்கழியில் ஊர்ச் சங்கத்துக்காரர்கள் பொக்லைன் வைத்து வரத்துக் கால்வாயைக் கொஞ்சம் திறந்துவிட்டிருந்தார்கள். ஏரி முக்கால்வாசி. மதகுக்குப் பக்கத்தில் ஆகாயத்தாமரை விலகி, அடியில் பாசி தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. போன ஞாயிறு எடுத்த தண்ணீர் பிளேட்டில் இருக்கிறது. நேற்று ஐந்தாம் நாள். ஓரம் பரவிய மஞ்சள் மூன்று. மூன்றிலும் சொட்டு விட்டோம். ஒன்று அப்படியே நின்றது. இரண்டு சிவந்தன. இரண்டையும் ஸ்ட்ரீக் போட்டிருக்கிறோம். சுத்தமானதும் டிஎன்ஏ எடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் பழைய 1,400 எழுத்தைப் பிரிண்ட் எடுத்து இன்குபேட்டர் கதவில் ஒட்டியிருக்கிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்க.

இன்றைக்குக் காலையில் மறுபடி ஏரிக்குப் போனேன். தாத்தாவுக்குக் கண் கொஞ்சம் மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார்.

"பேரு வெச்சாச்சா பாப்பா?"

"இன்னும் இல்ல தாத்தா."

"அடுத்த வாரம் நடவுக்கு மதகு தொறக்கப் போறாங்க. அதுக்குள்ள உனுக்கு வேணும்னா எடுத்துக்க."

இன்னும் இரண்டு பாட்டில் நிரப்பிக்கொண்டு வந்தேன்.